அம்மாவுக்குப் போடாத ஊசி

நர்ஸ் மகள் பக்கத்திலேயே இருக்கிறாள், மருந்து அலமாரியில் இருக்கிறது, ஆனாலும் பெற்றவள் வலியில் துடிக்கிறாள் என்றால் யார்தான் நம்புவார்கள்? வீடு தேடி வந்து ஊசி போடும் நர்ஸ் மழையில் மாட்டிக்கொண்டாள். வண்டி கிடைத்ததும் வருவதாகப் போனில் சொல்லியிருந்தாள்.

“கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறாளே!” என்று அம்மா பல்லைக் கடித்தாள். எலும்புவரை இறங்கிவிட்ட புற்றுநோய், பாவி, நேரங்காலம் பார்ப்பதில்லை. “என் பொண்ணு கைராசிக்காரின்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். எனக்குப் போட மட்டும் கை வரலையா? என்னைத் தொடவே அருவருப்பா இருக்காடி?”

அருவருப்பாம்! மகளுக்குக் கை வராததற்குக் காரணம் வேறு.

ஆஸ்பத்திரியில் ஆபத்தான மருந்தென்றால் ஒரு நர்ஸ் ஊசியில் ஏற்றவேண்டும், இன்னொருத்தி அளவைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அது சட்டம். வார்டில் யார் பார்த்தார்கள்? கூடவே கிடந்து உழைக்கிறவளைச் சந்தேகப்படுவதா என்று எல்லோரும் பார்க்காமலே கிறுக்கிவிட்டுப் போவார்கள். ஒருநாள் இவளும் அப்படித்தான் கிறுக்கினாள். அன்றைக்கு மருந்து பத்து மடங்கு ஏறியிருந்தது.

நர்சிங் கவுன்சில் விசாரித்தது. உரிமத்தைப் பிடுங்கவில்லை, மறுபயிற்சிக்கு அனுப்பியது. நரைத்த தலையோடு, நேற்று முளைத்த பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து பொம்மைக்கு ஊசி குத்திக்கொண்டிருக்கிறாள். அது முடியும்வரை மேற்பார்வை நர்ஸ் அருகில் இல்லாமல் எங்கேயும், யாருக்கும் ஊசி போடக்கூடாது. மீறினால் வேலை போனது போனதுதான். இதைப் பற்றி அம்மாவிடம் மட்டும் அவள் மூச்சு விடவில்லை. ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறவளிடம் எந்த வாயால் சொல்வது?

அம்மா மறுபடி அலறினாள். உரிமமாவது மண்ணாவது! மகள் ஓடிப்போய் மருந்துக் குப்பியை எடுத்து வந்தாள். கை வெடவெடவென்று நடுங்கியது.

“ஏன்டி இப்படி நடுங்கற?”

அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “பாக்காமயா கையெழுத்துப் போட்ட?”

“ஆமாம்மா.”

“யாருக்கு?”

“ஒரு சின்னப் பொண்ணு. பள்ளிக்கூடம் போற வயசு.”

“பொழச்சாளா?”

“இல்லம்மா.”

வாய்க்கு வந்தபடி ஏசுவாள், அதையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று மகள் காத்திருந்தாள். அம்மா ஏசவில்லை. கையை நீட்டிக் குப்பியை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“அந்த நர்ஸ் வரட்டும்.”

“அதுவரைக்கும் உன்னால தாங்க முடியாதும்மா. குடு, நானே போடறேன். வேலை போனாப் போகட்டும்.”

“தொடாதே.” அடுத்த வலி வந்தது. அம்மா போர்வையைப் பல்லால் கவ்விக்கொண்டாள். அது அடங்கியபின் வேர்த்துக் கொட்டிய முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். “அந்தப் பொண்ணப் பெத்தவ இன்னும் பொறுத்துக்கிட்டுத்தானே இருக்கா? நானும் பொறுத்துக்கறேன்.”