பெட்டியில் போகாத ஜாடி

தோவாவின் வேலை பாட்டிலின் கழுத்தோடு முடிந்துவிடும். உள்ளே இருக்கும் மீன் சாஸ் எந்தத் தொட்டியில் எவ்வளவு காலம் ஊறியது என்பதெல்லாம் வேறு ஆட்களின் பாடு. மூடி திருகி வரும் பாட்டிலின் தலையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டுவாள். ஹீட் கன்னின் சூட்டுக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றுவாள். உறை சுருங்கி மூடியைக் கவ்விக்கொள்ளும். சூடு அதிகமானால் உறை பொத்துப்போகும், குறைந்தால் தொளதொளவென்று நிற்கும். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் திருகிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பாள். வைத்த பிறகு சந்தேகம் வந்துவிட்டால் திரும்ப எடுத்துப் பார்ப்பாள். அநேகமாகச் சந்தேகம் வந்துவிடும்.

"அது எங்கயும் ஓடிடாதுடி," என்றாள் எதிரே லேபிள் ஒட்டும் ஹவ். "இவ்வளவு இறுக்கமா சீல் போடுறவ, புருஷன மட்டும் எப்படித் திறந்த வாயோட தைவானுக்கு அனுப்புன?"

"அவர் தல சைசுக்கு உறை கிடைக்கலக்கா."

ஹவ் சிரித்தாள். தோவாவும் சிரித்தாள், ஆனால் கை மறுபடி அதே பாட்டிலைத் திருகிப் பார்த்தது.

புருஷன் கியெம் தைவானில் திருகாணி செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். ஒப்பந்தம் முடிந்து இந்தத் தெத் புத்தாண்டுக்கு ஊர் வந்துவிடுவதாகப் பேச்சு. போன மாதம், இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், புத்தாண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான். போடாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவனாகவே சொல்லட்டும் என்று இருந்தாள். இந்த வாரம் கூப்பிட்டபோது அவன் வேறொன்றைச் சொன்னான்.

"புளிச்ச இறால் சாப்புடணும் போல இருக்கு தோவா."

"அங்க கடையில கிடைக்குதுன்னீங்களே?"

"கிடைக்குது. அது செத்த இறால்."

"இறால உயிரோட யாருங்க திங்குறா?"

"உனக்குப் புரியாது. கடையில அத வேக வெச்சு அடைச்சிருக்கான். நம்ம வீட்டு ஜாடி ராத்திரியில கிசுகிசுன்னு பேசுமே, அது வேணும் எனக்கு."

கியெம் ஹுவே நகரத்துக்காரன், புளித்த இறால் அந்த ஊர்ப் பண்டம். இந்தக் கடலோர ஃபான் தியெத்திலேயே பிறந்த தோவாவுக்கு மீன் சாஸ்தான் தெரியும். கல்யாணமான புதிதில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இறாலை அரிசிச் சாராயத்தில் அலசவும், குழைந்த ஒட்டரிசிச் சோறு, அரத்தை, பூண்டு, மிளகாய் சேர்த்துப் பிசறவும் சொல்லிக்கொடுத்தான். ஜாடியில் அமுக்கி, மேலே கொய்யா இலை பரப்பி, இலை மிதக்காமல் மூங்கில் சிம்புகளைக் குறுக்கே செருகி, வாயை வாழை இலையால் மூடி நாரால் கட்டுவான். "தோவா, இந்த நாத்தத்துக்கு ஒரு நாள் நீ அடிமையாவ" என்பான். அவள் ஆகித்தான் போனாள்.

அதைச் சாப்பிட்டால் அவனுக்கு வீடு ஞாபகம் வரும், கையெழுத்துப் போட மாட்டான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குள் சொல்லிக்கொண்டபோதே கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. இருந்தாலும் அன்று மாலையே சந்தைக்குப் போய் இறால் வாங்கினாள்.

தெருவே ஆறாஞ்சித்தி என்று கூப்பிடும் தெருக்கோடி வீட்டுக்காரி, மகளின் பிரசவத்துக்குத் தைவான் கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் யார் விமானம் ஏறினாலும் பெட்டியில் பாதி அடுத்தவர் சாமான்தான். ஆனால் சித்தியிடம் எதுவும் சுலபத்தில் ஏறாது. போன தடவை யாரோ கொடுத்த மீன் சாஸ் பாட்டில் பெட்டிக்குள் கசிந்து, சம்பந்தி வீட்டுக்கு வாங்கிய பட்டுச் சட்டைகளை நாசமாக்கியிருந்தது.

"அந்தம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு வரவேற்க வந்துச்சு. மூக்கப் பொத்திக்கிட்டு அப்படியே பின்னால போச்சு," என்றாள் சித்தி. "அதனால இப்ப பரீட்சை. ஜாடி ஒரு ராத்திரி தலைகீழா வெள்ளத்துணி மேல நிக்கணும். துணியில பொட்டு விழுந்தா ஜாடி உன் வீட்டுக்கு, பெட்டி மட்டும் தைவானுக்கு."

"ஒரு பொட்டும் விழாது சித்தி. என் வேலையே அதுதானே."

வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக அவள் எதையும் சொன்னதில்லை.

இறால் சிவந்து புளிப்பேற இன்னும் சில நாள் ஆகும். சித்தியின் பயணமோ நெருங்கிவிட்டது. போகிற வழியில் புளிக்கட்டும், போய்ச் சேரும்போது பதமாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள். கண்ணாடி ஜாடியின் வாயில் அலுமினியத் தாளை ஒட்டினாள், மூடியைத் திருகினாள், டேப் சுற்றினாள். முதலாளியிடம் கேட்டு ஓரத்தில் கிடந்த பெரிய அளவு உறையை எடுத்து மாட்டிச் சுருக்கினாள். சந்தேகம் வந்தது. அதன்மேல் இன்னொரு உறையையும் போட்டு, சித்தியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் சித்தி போனில் சொன்னாள்: "துணி அப்படியே வெள்ளையா இருக்குடி. மோந்தும் பாத்துட்டேன். நீ கெட்டிக்காரி."

அன்று முழுவதும் தோவா வேலையில் எந்தப் பாட்டிலையும் இரண்டாம் முறை எடுத்துப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் வந்த போன் வேறு மாதிரி இருந்தது.

"உடனே வா. உன் ஜாடிக்கு வயித்துல புள்ள."

அவள் ஓடினாள். சித்தி முற்றத்தில் ஜாடியை வாளிக்குள் வைத்து, மேலே துணி துவைக்கும் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து, தான் தூரப்போய் மாமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். தோவா சட்டியை எடுத்துப் பார்த்தாள். மூடி நடுவில் குமிழாகப் புடைத்திருந்தது. இரண்டு உறைகளும் வெள்ளையாக இழுபட்டு நின்றன. கண்ணாடிக்குள் கொய்யா இலைக்கு அடியில் குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. மீன் சாஸ் வேலை முடித்த பொருள், பாட்டிலில் சும்மா கிடக்கும். புளிக்கிற இறால் மூச்சு விடும். வீட்டில் வாழை இலையின் இடுக்கு வழியாக அந்த மூச்சு போய்க்கொண்டிருந்தது. போனது தெரியாததால் அவள் அதை நினைக்கவே இல்லை. தினமும் செய்கிற கை, தினமும் செய்கிறதையே செய்துவிட்டது.

"கொஞ்சம் லூசா மூடிக் குடுத்தா?" என்று கேட்டாள், பதில் தெரிந்தே.

"லூசா மூடுனா கசியும். இறுக்கி மூடுனா வெடிக்கும். ஆகாயத்துல வெடிச்சா என்னைக் குண்டு வெச்சவன்னு புடிச்சுப்பான்," என்றாள் சித்தி மரத்துக்குப் பின்னாலிருந்து. பிறகு குரல் தணிந்தது. "நல்லா வேக வெச்சுக் குடு. நான் கொண்டுபோறேன். இன்னும் நேரம் இருக்கு."

தோவா அங்கேயே கியெமைக் கூப்பிட்டாள். சாப்பாட்டு நேரம், திரையில் அவன் தொப்பி கழற்றாமல் இருந்தான். ஜாடியைக் காட்டினாள். அவன் சிரிக்கத் தொடங்கினான்.

"ரெண்டு சீலா? உன்னால ஒண்ணோட நிறுத்த முடியாதே! திற, திற. போன பக்கத்துல வெச்சுத் திற."

போனைச் சித்தி கையில் கொடுத்துவிட்டு, பிளேடால் உறைகளைக் கீறினாள். டேப்பைப் பிரித்து மூடியைக் கொஞ்சம் அசைத்ததும் புஸ்ஸென்று காற்று சீறியது. சிவப்புச் சாறு பொங்கி அவள் முழங்கை வரை வழிந்தது. அரத்தையும் புளிப்பும் கலந்த வாசனை முற்றத்தை நிறைத்தது.

"கேட்டுச்சு," என்றான் கியெம். சிரிப்பு நின்றுபோயிருந்தது. "வாசனை எப்படி இருக்கு?"

அவள் ஜாடியைச் சித்தி பக்கம் நீட்டினாள். சித்தி ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாள் போகணும். ஆனா கை மணம் இருக்கு," என்றாள்.

"பரவால்ல தோவா. வேக வெச்சே அனுப்பு. கடையில வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல்," என்றான். "ஆறு மாசத்துக்கு ஒரு ஜாடி வந்தாப் போதும். மூணு வருஷத்த ஓட்டிருவேன்."

தோவா கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பது நின்றது. வீட்டுக்கு இழுக்கும் என்று நினைத்து அவள் செய்த ஜாடி அவனை அங்கேயே உட்கார்த்தி வைக்கப் போகிறது. அதையும் தன் கையாலேயே, கசியாமல், இரண்டு உறை போட்டுச் செய்து கொடுக்கப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இல்ல. இன்னும் இல்ல."

"நான் வேக வெக்க மாட்டேங்க."

"ஏன்?"

"வேக வெச்சா வந்து சேரும். நீங்க கேட்டது வராது."

அவன் ஏதோ சொல்ல வந்தான். பின்னால் மணி அடித்தது, வேலைக்குப் போக வேண்டும். திரை அணைந்தது. சித்தி போனை நீட்டினாள். தோவா கிளம்பும்போது, "சரி, ஜாடிக்கு வெச்சிருந்த இடத்துல அவனுக்கு ரெண்டு சட்டை வேணா வைக்கவா?" என்றாள். தோவா வேண்டாமென்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து இறால் முழுவதையும் கியெமின் பழைய மண் ஜாடிக்கு மாற்றினாள். புதுக் கொய்யா இலை பறித்துப் பரப்பினாள். மூங்கில் சிம்புகளைச் செருகினாள். வாயை வாழை இலையால் மூடி நாரால் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்க்கவில்லை. சாய்த்தால் சிந்தும், பெட்டியில் போட்டால் நாறும், எந்தச் சித்தியும் தொட மாட்டாள். அப்படி ஒரு மூடி.

இருட்டியதும் கியெம் கூப்பிட்டான். அவள் ஜாடியைக் காட்டினாள்.

"இத எப்படி அனுப்புவ?"

"அனுப்புறதுக்கு இல்ல."

அவன் அந்த வாழை இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எவ்வளவு நாள் தாங்கும்?"

"புத்தாண்டு வரைக்கும் நல்லா இருக்கும். அப்புறம் புளிச்சுக்கிட்டே போகும்."

"போன இலை மேல வை. பேசுதான்னு கேக்குறேன்."

போனை இலைமேல் வைத்துவிட்டு அவள் தன் காதையும் பக்கத்தில் வைத்தாள். இலைக்கு அடியில் கிசுகிசுவென்று அது பேசிக்கொண்டிருந்தது.

"கேக்குதா?"

"இல்ல. தெருவுல வண்டிச் சத்தம்தான் கேக்குது."

"அது போன்ல கேக்காதுங்க," என்றாள் தோவா. "இங்க வந்தாத்தான் கேக்கும்."

அவன் போனை வைக்கவில்லை. ஃபான் தியெத்தின் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.