பாவடியில் கட்டிய கயிறு

1947 ஆகஸ்ட் 24, ஞாயிறு. பாவடிக் கயிற்றுக்குள் இருப்பவர்கள் பத்தொன்பது பேர் என்று போன வாரம் எழுதியது பிழை. பதினெட்டுப் பேர்தான். கொட்டகைக்குப் பின்னால் படுத்திருந்த வெள்ளாடு ஒன்று தலைக்கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆடு நினைத்தால் உள்ளே போகும், நினைத்தால் வெளியே வரும். மனிதர்கள் உள்ளே போகலாம். வெளியே வர முடியாது. கயிறு என்று எழுதினாலும் அங்கே இப்போது கயிறு கிடையாது. அதை அறுத்து எடுத்து மூன்றரை வருடமாகிறது.

அருப்புக்கோட்டையில் நெசவுக்காரர் தெருக்கள் முடிகிற இடத்தில் ஒரு பொட்டல் உண்டு. காலையில் அங்கே, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, இரண்டு பக்கமும் முளை அடித்து, நீட்டிக் காயவைப்பார்கள். அதனால் அது பாவடி. பாவைச் சுருட்டிக்கொண்டு போனபின் சாயங்காலம் அதே இடத்தில் புட்பால் ஆடுவார்கள். பாவடிக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. முளையில் முடிச்சுப் போட்டவர் கைதான் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். அதுவரை கட்டி நிற்கிற கயிற்றை யாரும் தாண்டுவதில்லை, எவ்வளவு அவசரமானாலும் சுற்றித்தான் போவார்கள். மாப்பிள்ளை ஊர்வலமே ஒருமுறை சுற்றிப் போயிருக்கிறது. கோல்போஸ்டுக்கு நட்ட இரண்டு கட்டைகளும் பாவுக்கு நட்டவைதான். வலை கிடையாது. பந்து கட்டைக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்ற சண்டை தீராமல் எந்த ஆட்டமும் முடிந்ததில்லை.

1944 மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, நெசவுக்காரர் செட்டும் பாலவனத்தம் செட்டும் மோதின. யுத்த காலம். அதற்கு முந்தின வருடம் கோல் விழுந்த சத்தத்தோடு சத்தமாக யாரோ வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லிக் கத்திவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆகவே இந்த ஆட்டத்துக்கு வெளியூரிலிருந்து போலீஸ் பந்தோபஸ்து வந்தது. வந்த சப்-இன்ஸ்பெக்டர் பெயர் தனுஷ்கோடி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் கயிற்றுக்குள் உட்கார வேண்டும், கை தட்டலாம், வாய் திறக்கக் கூடாது என்றார். கயிறு இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்றும் சொன்னார். ஜோதிலிங்கம் என்ற இளவயது நெசவாளி வீட்டுக்கு ஓடிப்போய்த் தன்னுடைய பாவுக் கயிற்றையும் முளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. புதுப் பெண்சாதி சௌடேஸ்வரியைவிட அவனுக்குப் பந்தாட்டம்தான் பெரிது என்று தெருவில் கேலி இருந்தது.

கான்ஸ்டபிள் நல்லகண்ணு கட்டிய கட்டு தொய்வாக இருந்ததால் தனுஷ்கோடியே வாங்கி இறுக்கி முடிந்தார். ஜோதிலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு, "கட்டின கைதான் அவுக்கணும் எசமான். போகும்போது மறந்துறாதீக" என்றான். "அதெல்லாம் உன் தறியோட வச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு பய இந்தக் கயித்தத் தாண்டக் கூடாது" என்றார் அவர். பாலவனத்தம் செட்டுக்காகக் கைதட்ட வந்திருந்த ஞானையா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம், "கோலு விழுந்தா மெதுவா கை தட்டணுமாம்லே. பொண்ணுப் பார்க்க வந்த மாதிரி" என்றார். சிரித்ததற்காகவே இரண்டு பேருக்கு அடி விழுந்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நெசவுக்காரர் செட்டு அடித்த பந்து வலதுகைக் கட்டையில் மோதிப் போனது. கோல் என்று ஒரு பாதி கத்தியது. இல்லை என்று மறு பாதி கத்தியது. வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவை இரண்டு பாதியும் மீறிவிட்டதால் போலீஸ் இரண்டு பாதியையும் அடித்தது. கயிற்றுக்குள் ஓடுவதற்கு இடமில்லை. தாண்டி ஓடியவர்கள் தப்பினார்கள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றவர்களும், பழக்கத்தால் கயிற்றைத் தாண்டக் கால் வராதவர்களும், ஞானையாவைப் போல முழங்காலில் அடிபட்டு எழுந்திருக்க முடியாதவர்களும் உள்ளேயே கிடந்தார்கள். அந்நேரம் பந்தல்குடி ரோட்டில் ஏதோ கலவரம் என்று ஆள் வந்தது. தனுஷ்கோடி லாரியில் ஏறிப் போனார். போகலாம் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஆடினவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பார்த்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பொழுது சாய்கிற வேளையில் சௌடேஸ்வரி தேடிக்கொண்டு வந்தாள். புருஷன் முகத்தில் வழிந்த ரத்தத்தைப் பார்த்ததும் அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை. நெசவு வீட்டில் பிறந்தவள்; வழக்கம் அவளுக்குத் தெரியாதது அல்ல. "வேணாம் புள்ள, அவுக வந்து அவுக்கட்டும்" என்று ஜோதிலிங்கம் உள்ளிருந்து கையை ஆட்டினான். அவள் கேட்கவில்லை. விறகு வெட்டும் அரிவாளால் கயிற்றை நாலு இடத்தில் அறுத்து, சுருட்டி எறிந்தாள். ஈசானி மூலை முளையில் முடிச்சு மட்டும் தங்கியது. அதன்பின் உள்ளே இருந்த யாராலும் கயிறு இருந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. வெறும் காற்றில் வயிறு முட்டி நின்றார்கள். வேகமாக ஓடிவந்து முட்டியவர்களுக்கு வயிற்றில் கயிற்றுத் தடம் சிவப்பாக விழுந்தது.

மறுநாள் இவர்கள் வேண்டுமென்றே அடம் பிடிக்கிறார்கள் என்று சொல்லி, அடித்து விரட்டுவதற்காக நல்லகண்ணுவை உள்ளே அனுப்பினார்கள். அவரும் வெளியே வரவில்லை. கொஞ்ச நாளில் வேலைக்கு வராதவர் என்று அவர் சம்பளத்தை நிறுத்தினார்கள். அந்த ஐப்பசி மழைக்கு முன்னால் வெளியிலிருந்து பனையோலை கொடுத்துக் கொட்டகை போட்டபோது அவருடைய லத்தி ஒரு மூலைக்கு முட்டுக்கொடுத்தது. இப்போதும் அங்கேதான் நிற்கிறது. ஊரார் சர்க்காருக்கு மனுப் போட்டார்கள். மேற்படி இடத்தில் கயிறு எதுவும் காணப்படவில்லை, ஆகவே உள்ளே யாரும் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலின்படி அப்போது உள்ளே இருந்த பத்தொன்பது பேருக்கும் ரேஷன் அரிசி வெட்டப்பட்டது. நூலுக்கும் கட்டுப்பாடு வந்திருந்த சமயம். சௌடேஸ்வரி அடுத்தவர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்து, மூன்று வேளையும் கயிறு இருந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கம்பங்கஞ்சியை நீட்டினாள். கையை நீட்டினால் கை திரும்பி வரும். காலை எடுத்து வைத்தால்தான் வராது. உள்ளேயே ஒரு தறி போட்டுவிடலாம் என்று ஜோதிலிங்கம் ஒருநாள் கையால் அளந்து பார்த்தான். கொட்டகைக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் குறைந்தது. "ஒரு சாணுக்குப் போலீசை வரச்சொல்லி நகத்திக் கட்டச் சொல்லணும் புள்ள" என்று சிரித்தான். அப்போதெல்லாம் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதற்குக் காரணம் ஞானையா. அவருக்கு வயது ஐம்பது; இவனுக்கு இருபத்துமூன்று. அந்தப் பந்து கோலா இல்லையா என்ற வழக்கு இரண்டு பேருக்கும் நடுவே தினமும் விடிந்ததும் ஆரம்பிக்கும். ஞானையா ஒரு கூழாங்கல்லைப் பந்தாகவும் இரண்டு குச்சியைக் கட்டையாகவும் வைத்து நடத்திக் காட்டுவார். ஜோதிலிங்கம் கல்லைப் பிடுங்கி வேறு விதமாக உருட்டுவான். "உன் கண்ணு நூலைப் பாத்துப் பாத்துக் கெட்டுப்போச்சுலே" என்பார் அவர். "ஒங்க ஊர்ப் பந்து எப்பவும் வெளியதான் போகும், அந்தப் பழக்கத்துல பேசுறீக" என்பான் இவன். வாரம் ஒருநாள் பாலவனத்தத்திலிருந்து சோறு கொண்டுவரும் ஞானையாவின் மனைவி ரோஸி, "கர்த்தரே, இந்தப் பந்து எங்கயாச்சும் போய்த் தொலையாதா" என்பாள்.

இந்த ஆடியில் ஞானையாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. மருந்து கோட்டைத் தாண்டி உள்ளே போனது, பலனில்லை. கடைசி நாள் அவர் ஜோதிலிங்கத்தைக் கூப்பிட்டு, "ஏலே, அது கோலுதாம்லே. அன்னைக்கே தெரியும்" என்றார். சற்று நேரத்தில் அடங்கினார். உள்ளே இருந்தவர்கள் அவரைக் கோட்டருகே கொண்டுவந்து கிடத்தினார்கள். வெளியே நின்றவர்கள் கையை நீட்டி இழுத்தார்கள். ஒரு தடையும் இல்லாமல் வந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஜோதிலிங்கம் கஞ்சியைத் தொடவில்லை. வாதாட ஆளில்லை, ஜெயித்துவிட்டதால் வாதாட விஷயமும் இல்லை. வெளியே வர ஒரு வழி இருக்கிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டான். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு, ஞானையாவை இழுத்த அதே இடத்தில் தலையை வைத்துப் படுத்தான். "என்ன பண்றீக நீங்க?" என்று சௌடேஸ்வரி கத்தினாள். "வாரேன் புள்ள. சீக்கிரம் வந்துருவேன்" என்றான். அவள் கஞ்சிச் சட்டியை மண்ணில் போட்டு உடைத்தாள். தமிழில் திட்டித் தீரவில்லை என்று வீட்டில் பேசுகிற கன்னடத்திலும் திட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பாவடியில் பெரிய கூட்டம். வெள்ளைக்காரன் போனால் அவன் போட்ட உத்தரவும் போகும் என்று எல்லோரும் நம்பினார்கள். கொடி ஏறியது, மிட்டாய் கொடுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வரிசையாகக் கோட்டை நோக்கி நடந்தார்கள். வரிசையாக வயிறு முட்டி நின்றார்கள். மிட்டாயைக் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டம் கலைந்தது.

அன்றைக்கு நரிக்குடிப் பக்கமிருந்து வந்த ஒருவர், அங்கே ஒரு ஸ்டேஷனில் கொடி ஏற்றியவர் தனுஷ்கோடிதான் என்று சொன்னார். மூன்றரை வருடம் சௌடேஸ்வரி கேட்ட இடத்திலெல்லாம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றுதான் பதில். அவள் ஈசானி மூலை முளையை முடிச்சோடு பிடுங்கிப் பழைய சேலையில் சுற்றி, கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஏறினாள். அந்த முடிச்சை அதற்குமுன் எத்தனையோ பேர் பல்லாலும் ஊசியாலும் முயன்றிருக்கிறார்கள். பல்தான் ஆடியது.

தனுஷ்கோடிக்கு முடி நரைத்திருந்தது. சட்டைப் பையில் காகிதக் கொடி குத்தியிருந்தார். அவள் காலில் விழப்போனபோது தடுத்து, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கவும் செய்தார். முழுவதையும் கேட்டார். "அன்னிக்கு யாரும்மா ஜெயிச்சது?" என்றார். "அது இன்னும் தீரலை எசமான். தீந்துருச்சுன்னு நெனச்சுத்தான் எம்புருசன் சாகக் கெடக்காரு. நீங்க போட்ட முடிச்சு, நீங்களே அவுத்துவிட்ருங்க." முளையை மேசைமேல் வைத்தாள். அவர் கையை நீட்டினார். விரல் படுவதற்கு முன்பே முடிச்சு தானாக நெகிழ்ந்தது. இங்கே பாவடியில் கோட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த நல்லகண்ணு பின்பக்கமாகச் சரிந்தார். இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்தனவா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு இடத்திலும் வெயில் தாழ்ந்திருந்தது என்பது மட்டும் ஒத்துப்போகிறது.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் எட்டிப் பார்த்தார்கள். தனுஷ்கோடி அவர்களைப் பார்த்தார். கையை மெதுவாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். "நான் அவுத்தா, நான் கட்டினதா ஆயிரும்மா. இப்பத்தான் பிரமோசனுக்கு எழுதியிருக்கு" என்றார். முடிச்சு பழையபடி இறுகியது. "ஒரு உசிரு எசமான்" என்றாள். பஸ் போய்விடும் என்றார் அவர். அது உண்மை, ஓடித்தான் பிடித்தாள்.

திரும்பி வந்து பார்த்தால், நல்லகண்ணு சரிந்த பக்கம் கோடு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. அதற்கு மேல் இல்லை. ஜோதிலிங்கத்துக்குப் பேச்சு குறைந்திருந்தது. இரண்டு நாள் அவள் கோட்டருகே அழுதுகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கையால் அந்தச் சாணை அளந்தாள். பிறகு வீட்டுக்குப் போய், நூலில்லாமல் கிடந்த தறியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

இன்று சாயங்காலம் தறிமரங்களையும் அச்சையும் ஊடைநூல் ஓட்டும் நாடாவையும் ஒவ்வொன்றாக உள்ளே நீட்டினாள். விதவைக் கோலத்தில் இன்றும் சோறு கொண்டுவந்திருந்த ரோஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாதடி சௌடி. ஒருத்தி வெளிய இருந்தாத்தான் கஞ்சி ஊத்த முடியும்."

"ஊத்துனேனே, குடிச்சாகளா? இனி நீங்க ஊத்துங்கக்கா."

அவள் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். தாண்டும்போது ஒன்றும் தெரியவில்லை என்று சொல்கிறாள். நேரே போய்ப் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னாள்.

"அது கோலே இல்ல."

அவன் அசையவில்லை.

"பந்து கட்டைக்கு வெளியதான் போச்சு. சாகப்போற மனுசன் பாவம்னு அவுக ஒரு வார்த்தை சொன்னா, அதை நெசம்னு நம்பிக் கெடக்கீகளே."

ஜோதிலிங்கத்தின் கண் திறந்தது. "நீ எங்கடி பாத்த? அன்னைக்கு நீ அடுப்படியில கெடந்த."

"எனக்குத் தெரியும்."

"தாயி, கோலுதான். நான் பக்கத்துல நின்னேன்" என்றார் நல்லகண்ணு.

"நீங்க மண்டையப் பாத்து அடிச்சுக்கிட்டிருந்தீக. பந்தையா பாத்தீக?"

பாவடியில் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜோதிலிங்கம் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான், முடியவில்லை. ஞானையாவின் கூழாங்கல்லைக் கொண்டுவரச் சொன்னான். கல் வந்தது, உருட்டக் கையில் பலமில்லை. கொஞ்ச நேரம் அவளை முறைத்துக்கொண்டே படுத்திருந்தான். பிறகு கஞ்சி கேட்டான். ரோஸி கோட்டுக்கு வெளியே நின்று சட்டியை நீட்டினாள்.

உள்ளே இருப்பவர்கள் இப்போது பத்தொன்பது பேர். ஆட்டைச் சேர்க்கவில்லை. நாளைக் காலையில் வெயில் ஏறுவதற்குள் தறிக்குழி தோண்ட வேண்டும்.