முதலாளியின் ஓடு

என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவார், கை கால் கழுவுவார், பிறகு சின்ன அறைக்குப் போய்ச் சுவரைக் குத்துவார். ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று வைத்திருக்கிறார். கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி, அதன் நுனியில் இரண்டு ஊசிகள். சுவரில் வைத்து அழுத்தும்போது உள்ளே ஈரம் இருந்தால் கீச்சிடும், காய்ந்திருந்தால் பேசாமல் இருக்கும். எட்டு வருடமாக அந்த அறைச் சுவரில் அது ஒரு தடவைகூடக் கீச்சிட்டதில்லை. ஆனாலும் ஜன்னலுக்குக் கீழே நாலு இடம், மூலையில் ஒரு இடம் குத்திப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்க உட்காருவார். உண்மையைச் சொன்னால், அவர் குத்துவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவே இருந்தது.

ஓதம் ஏறிய சுவரையும் ஒழுகுகிற தளத்தையும் சரிசெய்வதுதான் அவர் தொழில். யார் வீட்டுப் பூச்சு பொரிந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள், இவரும் ஓடுவார். எங்கள் வீட்டுச் சின்ன அறையில் ஓதம் ஏறியபோது மட்டும் இவருக்குத் தலைக்கு மேல் வேலை. அப்போது எங்களுக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. தொட்டில் அந்த அறையில்தான்.

"சுவர்ல பூஞ்சை பூத்திருக்குங்க, வந்து பாருங்க" என்றேன்.

"நாளைக்குப் பாத்துரலாம்மா" என்றார்.

அந்த நாளை வர மூன்று வாரம் ஆனது. மழையும் விடவில்லை. பாப்பாவுக்குச் சளி கட்டி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் போய்விட்டாள். "குறைமாசத்துல பொறந்த குழந்தை, நுரையீரலுக்குத் தெம்பு இல்ல. சுவராலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுப்பா" என்றார் பெரிய டாக்டர் இவரிடம். யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொண்டேன். வாய்விட்டு அல்ல, மனதுக்குள். எட்டு வருடமும், அவர் முகத்தைப் பார்க்கிற போதெல்லாம்.

குழந்தை போன மறுவாரமே அவர் அந்தச் சுவரைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினார். நான் என் பங்குக்கு வீட்டையே காயப்போட்டேன். ஈரத் துண்டு உள்ளே வரக் கூடாது. பூந்தொட்டி கூடாது. பாத்திரம் கழுவினால் உடனே துடைத்துவிட வேண்டும். விருந்தாளி குடை மடக்கிக்கொண்டு வந்தால் வாசலிலேயே பிடுங்கி வெளியே வைத்துவிடுவேன். என் கோபம் மூக்கு நுனியில் இருப்பது தெரிந்ததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஆமை வந்தது.

அவர் தளம் சரிசெய்து கொடுத்த வீட்டு இசை ஆசிரியர் வெளிநாடு போகிறாராம். வளர்ப்பதற்கான அனுமதித் தாள், சூடு கொடுக்க ஒரு விளக்கு, வெயிலுக்குப் பதிலாக இன்னொரு விளக்கு, கைப்பட எழுதிய நாலு பக்கக் குறிப்பு, இத்தனையோடு ஆமைக் குஞ்சை இவர் கையில் கொடுத்துவிட்டார். எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. மேஜையில் விட்டதும் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை முட்டித் தள்ளிவிட்டு, இடத்தை வாங்க வந்த மாதிரி சுற்றிப் பார்த்தது.

"முதலாளி வந்துட்டாரு" என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"எதுக்குங்க இதெல்லாம்? நாளைக்கே செத்துக் கித்துப் போச்சுன்னா?"

"ஒழுங்கா வளத்தா நம்மளவிட ரொம்ப வருஷம் இருக்குமாம்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அதைக் கையில் எடுத்தேன்.

இசை ஆசிரியரின் குறிப்பில், 'வறண்ட நிலத்து இனம், ஈரம் ஆகவே ஆகாது' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. எனக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போயிற்று. பெட்டியில் அடுப்பில் வறுத்து ஆறவைத்த மணல் போட்டேன். அதன்மேல் காய்ந்த புல். தண்ணீர்த் தட்டை வைத்து, அது குடித்த உடனே எடுத்துவிடுவேன். கீரையைக்கூடக் கழுவித் துணியில் ஒற்றித்தான் கொடுத்தேன். பகல் முழுக்க விளக்குச் சூடு. வேலைக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை மணலைப் பிசைந்து பார்ப்பேன். கண்ணும் கருத்துமாக என்பார்களே, அப்படி வளர்த்தேன். முதலாளியும் குறை வைக்காமல் தின்றார், எடை கூடினார். ஒன்பது மாதம் நான் நிம்மதியாக இருந்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது என் வேலை. கண்ணுக்குத் தெரியாத பிசிறும் என் கட்டைவிரலுக்குத் தெரியும். ஒருநாள் சாயங்காலம் முதலாளியின் முதுகைத் தடவினேன். சமமாக இருக்க வேண்டிய ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் நடுவில் புடைத்து, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையில் பள்ளம் விழுந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். முதுகெல்லாம் சின்னச் சின்ன மேடு.

வாரத்தில் ஒரு மத்தியானம் ஆமை, பறவைகளைப் பார்க்கிற மிருக டாக்டர் ஒருத்தி இருந்தாள். வயதில் சின்னவள். அவளிடம் கொண்டுபோனேன். முதலாளியைத் தராசில் வைத்தாள், திருப்பினாள், அடிப்பக்க ஓட்டை அழுத்திப் பார்த்தாள்.

"எதுல வெச்சிருக்கீங்க?"

வறுத்த மணலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, வறட்சிதான் இதுக்குக் காரணம். ஓட்டுல ஒவ்வொரு கட்டமும் அதோட ஓரத்துலதான் வளரும். காத்து காஞ்சிருந்தா, புதுசா வர்ற ஓரம் சீக்கிரம் இறுகிடும். விரிய வழியில்லாம மேல தூக்கிக்கும்."

"வறண்ட நிலத்து ஜாதின்னு எழுதியிருந்துச்சே."

"பெருசுங்க வெயில்ல திரியும். குஞ்சுங்க ஈர மண்ணுக்குள்ள புதைஞ்சுதான் கிடக்கும். நாங்களே முன்னாடி காய வெச்சுத்தான் வளக்கச் சொல்லிட்டிருந்தோம். உங்க மேல தப்பு இல்ல."

தப்பு இல்லையாம். மருந்து மாதிரி கசந்தது அந்த வார்த்தை. எட்டு வருடத்துக்கு முன் பெரிய டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் என் வீட்டுக்காரரிடம் சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை.

"இது சரியாகுமா?"

"வந்த மேடு அமுங்காது. இனிமே வர்றத சமமா வர வைக்கலாம். இப்படியே விட்டா முதுகெலும்பும் சேர்ந்து வளையும், நடக்கக் கஷ்டப்படும். தெனமும் வெதுவெதுன்னு தண்ணில இருபது நிமிஷம் விடுங்க, தாடை மூழ்கக் கூடாது. தென்னை நார்த்தூள நனைச்சுப் பெட்டில பரப்புங்க. மூடி போடுங்க. ஒண்ணே ஒண்ணு, சூடு மட்டும் குறையவே கூடாது. ஈரமும் குளிரும் சேர்ந்தா நெஞ்சுல சளி கட்டிடும். குஞ்சு தாங்காது."

அதற்குமேல் அவள் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஈரம், குளிர், சளி, குஞ்சு தாங்காது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது மட்டும்தான் காதுக்குள் ஓடியது.

"யாருக்காவது குடுத்துடுங்க. என்னால முடியாது" என்றேன் வாசலிலேயே, டாக்டர் எழுதித் தந்த சீட்டை அவர் கையில் கொடுத்து.

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர் அவர். எட்டு வருடமாக நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினவர். அன்றைக்கு முதல்முறையாக, "குடுக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் நான் கடையிலிருந்து திரும்பியபோது சின்ன அறையில் சுத்தியல் சத்தம். போய்ப் பார்த்தேன். பழைய அலமாரிப் பலகையில் பெட்டி செய்து, உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முன்பக்கம் கண்ணாடி வைத்து, மேலே மூடி போட்டு, இரண்டு விளக்கையும் பொருத்தியிருந்தார். ஜன்னலுக்குக் கீழே. தொட்டில் இருந்த இடத்தில். பக்கத்தில் ஒரு வாளி நிறைய நனைத்த தென்னை நார்த்தூள்.

அறை வாசலிலிருந்தே கத்தினேன்.

"இந்த ரூம்லயா? இந்த ரூம்லயா ஈரத்தக் கொண்டாந்து வெக்கறீங்க?"

"வெயில் வர்ற ரூம் இது ஒண்ணுதாம்மா."

"அன்னைக்குச் சுவர் ஈரமா இருக்கு, ஈரமா இருக்குன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். நாளைக்கு நாளைக்குன்னீங்க. ஊர் சுவரெல்லாம் பாத்தீங்க, பெத்த பொண்ணு படுத்திருந்த சுவரப் பாக்கல. இப்ப உங்க கையாலயே வாளில கொண்டாந்து கொட்டுறீங்க!"

சொல்லிவிட்டேன். எட்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வைத்திருந்தது அரை நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. சொல்லிவிட்டால் லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "இத நீ என்னைக்குச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். வாளியிலிருந்து நார்த்தூளை அள்ளிப் பெட்டியில் பரப்பினார், உள்ளங்கையால் அழுத்திச் சமப்படுத்தினார். பிறகு மீட்டரை எடுத்து அதில் குத்தினார். அந்த அறையில் முதல்முறையாக அது கீச்சிட்டது. அவர் கை வெடுக்கென்று பின்னால் வந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, மறுபடி குத்தினார்.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. அவர் வேலைக்குப் போனபின் பயந்துகொண்டேதான் அந்த அறைக்குள் போனேன். பெட்டியில் முதலாளியைக் காணவில்லை. செத்துத்தான் போயிற்று என்று நினைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தால், ஒரு மூலையில் ஈர நார்த்தூளுக்குள் புதைந்து, முதுகில் காசளவு மட்டும் வெளியே தெரியத் தூங்கிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டேன். ஈரமாக இருந்தது, வெதுவெதுப்பாகவும் இருந்தது. முன்பெல்லாம் அது வறுத்த மணலின் மூலையைக் கால் தேயத் தேயத் தோண்டும். விளையாடுகிறது என்று நானும் இவரும் சிரித்திருக்கிறோம். ஒன்பது மாதமாக அது கேட்டது இதைத்தான். அத்தனை பாசமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகைக் கெடுத்தவள் நான். வேறு யாரையும் கைகாட்ட வழியில்லை. பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். முதலாளி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அன்றைக்குத் தண்ணீரை நானே காய்ச்சி விளாவினேன். என் மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்தேன். குழந்தைக்குப் பார்த்த கைதான், மறக்கவில்லை.

அதன்பிறகு தினமும் காலையில் முதலாளிக்குக் குளியல். ஒரு சோப்புப் பெட்டி அளவுத் தண்ணீரில் மகாராஜா மாதிரி நிற்பார், கழுத்தை நீட்டிக் குடிப்பார், குடித்த தண்ணீரிலேயே காரியத்தையும் முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார். சாயங்காலம் வந்ததும் இவர் பெட்டியில் மீட்டரை வைத்து, கீச் சத்தம் கேட்டதும், "முதலாளி சௌக்கியம்" என்பார். பிறகு புறங்கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பார். விளக்கு பழுதானால் மாற்றுவதற்கு இன்னொன்று எப்போதும் அலமாரியில் இருந்தது. ஒருநாளும் அதில் அவர் தவறவில்லை. அதெல்லாம் முடிந்ததும், பழையபடி திரும்பி உட்கார்ந்து சுவரைக் குத்துவார்.

இப்போது அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இல்லை.

பதினோரு மாதம் கழித்து டாக்டரிடம் கொண்டுபோனோம். முதலாளி என் கை நிறைய வளர்ந்திருந்தார். அவள் ஓட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். என் விரலுக்கு முன்பே தெரிந்ததுதான், ஆனாலும் அவள் வாயால் கேட்க வேண்டியிருந்தது. பழைய மேடு ஒவ்வொன்றையும் சுற்றி, வெளிர் மஞ்சளில், விரல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி புதுப் பட்டை விரிந்திருந்தது.

"பழைய மேடு அப்படியேதான் இருக்கும்க்கா. புதுசு எவ்வளவு சமமா வந்திருக்கு பாருங்க. இனிமே பயமில்ல" என்றாள். என் வீட்டுக்காரர் எதற்கோ அவளுக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்தோம். அவர் கை கால் கழுவிக்கொண்டு சின்ன அறைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். பெட்டியில் மீட்டரை வைத்தார், கீச்சிட்டது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"போதுங்க."

"பழகிப்போச்சும்மா."

"ஒன்பது வருஷமா காஞ்சுதான் இருக்கு. இனிமே குத்தாதீங்க."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கே பாத்திருக்கணும்" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இல்லை, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது.

"ஆமா, பாத்திருக்கணும்" என்றேன். "நானும் இத ஒன்பது மாசம் காய வெச்சிருக்கக் கூடாது."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில்கூட என் முன்னால் அழாதவர், சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்குக் கீழே சுவர் என் முகத்துக்கு நேராக இருந்தது. அவ்வளவு கிட்டத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. இரண்டு இரண்டாக ஊசித் துளைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்பது வருடத்துத் துளைகள். விரலை வைத்துத் தடவினேன். அந்த இடம் முழுக்கச் சொரசொரவென்று இருந்தது.

"இதையெல்லாம் அடைச்சுடணும்ங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, நாளைக்குப் பண்ணிக்கலாம்" என்றேன்.

"இல்ல, இப்பவே" என்று எழுந்தார். டாக்டரைப் பார்க்கப் போட்டுக்கொண்டு போன நல்ல சட்டையோடு, ஒரு கிண்ணத்தில் துளை அடைக்கிற பட்டி மாவு குழைத்துக்கொண்டு வந்து, சுவர் முன்னால் உட்கார்ந்தார்.