எண்பத்தேழாவது கேள்வி

எட்டுப் பேரை வட்ட மேசையைச் சுற்றி உட்கார வைப்பது என் வேலை. மூன்று பேர் மையத்தைப் பார்த்து உட்காருவார்கள், மற்ற ஐந்து பேர் என்ன கோபமோ, வெளியே பார்த்து உட்காருவார்கள். மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இருக்காது. வடக்கே ஐந்து கிலோமீட்டர் நடந்து, வலப்பக்கம் திரும்பி, இன்னும் மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டு, இப்போது நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்கிற ஆட்களைத் தெருவில் இறக்கிவிடுபவளும் நான்தான். எல்லாப் பூனைகளும் நாற்காலிகள், சில நாற்காலிகள் மேகங்கள் என்று கூசாமல் எழுதுவேன்.

போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் தருக்கத்துக்கும் மொழித் திறனுக்கும் மாதிரிக் கேள்விகள் தயாரிக்கிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பூனையையும் மேகத்தையும் நாற்பது நொடியில் பிரித்து வைக்கத் தெரிந்தவனுக்குத்தான் அரசாங்க வேலை என்று விதித்து வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?

போன வருடம் அம்மா இறந்துபோனாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். இரண்டாவது வாரமே நான் வேலைக்குப் போய்விட்டேன். அன்று முடித்துத் தர வேண்டியவை இரத்த உறவுக் கேள்விகள். புகைப்படத்தில் இருப்பவனைக் காட்டி ஒரு பெண் சொல்கிறாள்: இவன் என் அம்மாவின் ஒரே மகளுடைய தம்பி. அப்படியென்றால் இவன் அவளுக்கு யார்? இந்த மாதிரி முப்பது எழுதினேன். கண் கலங்கவில்லை. என் கேள்விகளில் யாரும் சாவதில்லை என்று மட்டும் ஒரு நினைப்பு வந்தது. அதுவும் உடனே போய்விட்டது. பக்கத்து மேசைக்காரி நான் கல் மனசுக்காரி என்று யாரிடமோ சொன்னாளாம். கல்லாக இருந்தால்கூட வெயிலில் சுடும். எனக்கு எதுவுமே தோன்றவில்லை, அதுதான் உண்மை.

வீட்டில் மிச்சம் மூன்று பேர். அப்பா ஓய்வுபெற்ற மின்மீட்டர் கணக்கெடுப்பாளர். வாழ்க்கை முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவரைப் பார்த்தவர், இப்போது எங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்கிறார். தம்பிக்குக் காலையில் ஒரு கூரியர் கிடங்கில் அரை நாள் வேலை, பார்சல்களை ஊர் ஊராகப் பிரித்துப் போடுவான். மதியத்துக்கு மேல் சமையலறை மேசையில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவான். ஆறு தடவை தேர்வு எழுதியிருந்தான். ஏழாவதோடு வயது வரம்பு முடிகிறது. அதைத் தவறவிட்டால் ஆயுசுக்கும் பார்சல்தான் என்பது அவனுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் அதைப் பேசுவதில்லை.

அவன் படிக்கிற முறை ஒன்று உண்டு. சமையலுக்கு வைத்திருக்கும் டைமரை இரண்டு மணி நேரத்துக்குத் திருகிவிட்டு மாதிரித் தேர்வு எழுதுவான். அது மணி அடிக்கும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்துவான். தப்பானவற்றை மட்டும் தனி நோட்டில் எழுதி வைப்பான். அதற்குப் பெயர் தப்பு நோட்டு. கடைசி வாரத்தில் புத்தகங்களையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு அந்த நோட்டை மட்டும் மனப்பாடம் செய்வான். இந்த யோசனையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தபோது மையத்தை நடத்துபவர் என்னை உள்ளே கூப்பிட்டார். மாணவர்கள் அவரை டைம்பீஸ் என்பார்கள். வகுப்பில் நிமிடத்துக்கு ஒரு தரம் 'நேரம் ஓடுது' என்று அலறுவதால் வந்த பெயர். அவர் முன்னால் நான் தயாரித்த ஐந்நூறு கேள்விப் புத்தகம் திறந்திருந்தது. எண்பத்தேழாவது கேள்வியில் விரலை வைத்திருந்தார். யாரோ ஒரு மாணவி வகுப்பில் எழுந்து, இதற்கு விடை தப்பு என்று சொல்லிவிட்டாளாம்.

கேள்வி இதுதான். காலை நேரம், இருவர் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள். முதலாமவரின் நிழல் இரண்டாமவருக்கு வலப்பக்கமாக விழுகிறது. முதலாமவர் எந்தத் திசையைப் பார்க்கிறார்? காலையில் நிழல் மேற்கே விழும். மேற்கு தன் வலக்கைப் பக்கம் இருப்பவர் தெற்கைப் பார்க்கிறார். அவருக்கு எதிரே நிற்பவர் வடக்கைப் பார்க்கிறார். வடக்குதான் விடை. புத்தகத்தில் தெற்கு என்று இருந்தது.

எப்படி வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முதலில் நான் எழுதியது மாலை நேரம். மாலை என்றால் தெற்கு சரி. வேறொரு மையத்தின் புத்தகத்தில் இதே கேள்வி மாலை என்றே இருக்கிறது, மாற்று என்று டைம்பீஸ் சொன்னார். கேள்வியில் மாலையை அடித்துக் காலை என்று போட்டேன். கடைசிப் பக்கத்துக்குப் போய் விடையை மாற்றவில்லை. அம்மா போன இரண்டாவது வாரம் அது. பன்னிரண்டு வருடத்தில் நான் விட்ட ஒரே பிழை, அதையும் நிழலில் போய் விட்டேன்.

திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒன்று தப்பு என்று நாமே சொன்னால் மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் பிள்ளைகள் சந்தேகப்படுவார்கள், தேர்வு நேரத்தில் அவர்களைக் குழப்பக் கூடாது, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு ஊரார் பிள்ளைகள் முக்கியமில்லை. வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொல்லிவிட்டால் போதும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது டைமர் ஓடிக்கொண்டிருந்தது. பேசக் கூடாது. அவன் எதிரே உட்கார்ந்தேன். தப்பு நோட்டு என் பக்கமாகக் கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் புரட்டினேன். நான்காவது பக்கத்தில், சிவப்பு மையில் கட்டம் போட்டு எழுதியிருந்தான்: 'கே. 87. நிழல், காலை, எதிராளுக்கு வலம். மூன்று தடவை போட்டும் வடக்கு என்றே வருகிறது. ஏமாறாதே. தெற்கு.'

மூன்று தடவை சரியாகப் போட்டிருக்கிறான். மூன்று தடவையும் தன்னை அடித்துவிட்டு என்னை எழுதி வைத்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. அம்மா போன புதிதில் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்திருப்பான்.

டைமர் அடித்தது. திருத்தினான். இருநூற்றுக்கு நூற்று எழுபத்தாறு. அதுவரை அவன் நூற்று அறுபத்தைந்தைத் தாண்டியதில்லை. அம்மா இருந்த காலத்தில் பார்த்த ஒரு சிரிப்பு அவன் முகத்தில் வந்தது. அப்பாகூடத் திரும்பிப் பார்த்தார்.

"மத்த புக்கெல்லாம் கண்றாவிக்கா. பத்துக்கு ரெண்டு தப்பா இருக்கு. நீ போட்டதுல ஒண்ணு தப்பு காட்டட்டும் பார்ப்போம்" என்றான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். டீ போடட்டுமா என்று கேட்டேன்.

ஏன் என்று பல தடவை என்னையே கேட்டாகிவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன் என்பது உண்மை. இருநூறு கேள்வியில் இந்தக் கேள்விதானா வரப்போகிறது என்று நினைத்ததும் உண்மை. ஆனால் அடியில் கிடந்தது வேறு. அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு நெஞ்சில் இதமாக இருந்தது. மாதக்கணக்காக எதுவுமே உறைக்காமல் கிடந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் உறைத்தது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. பதினோரு நாள் அப்படியே போயிற்று.

தேர்வு எழுதிவிட்டு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இந்தத் தடவை நிச்சயம் என்றான். மொழிப் பகுதியைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தானாம், வட்ட மேசைக் கேள்வி இரண்டையும் கடைசியில் போட்டானாம். பிறகு, நல்ல செய்தியைக் கடைசியில் சொல்கிறவன் மாதிரிச் சொன்னான். "நிழல் கேள்வி வந்துச்சுக்கா. நம்ம எண்பத்தேழு, வரி மாறாம. யோசிக்கவே இல்ல, போட்டுட்டேன்."

நல்லது என்றேன். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்திருந்த பாத்திரங்களைத்தான் மறுபடி கழுவுகிறேன் என்பது பாதியில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

ஐந்து வாரம் கழித்து அதிகாரபூர்வ விடைகளும் கட்-ஆஃபும் ஒன்றாக வந்தன. தம்பி மேசையில் உட்கார்ந்து தன் வினாத்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறித்தான். சரிக்கு ஒன்று, தப்புக்குக் கால் மதிப்பெண் கழிவு. சரி நூற்று அறுபத்திரண்டு, தப்பு பதினேழு, மிச்சத்தை விட்டிருந்தான். நூற்று ஐம்பத்தேழே முக்கால் வந்தது. கட்-ஆஃப் நூற்று ஐம்பத்தெட்டரை. மூன்று தடவை கூட்டினான். நான் சமையலறை வாசலில் நின்று கூடவே மனசுக்குள் கூட்டினேன். அந்தக் கேள்வி மட்டும் சரியாக இருந்திருந்தால் நூற்று ஐம்பத்தொன்பது.

அவனும் அந்த இடத்துக்கு வந்துவிட்டான். எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்து வந்தான், பார்த்தான், ஒரு தாளில் இரண்டு ஆட்களைக் கோடாக வரைந்து பார்த்தான். அப்பா என்ன என்று கேட்டார். சொன்னான். அம்மா போன பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியத்தை அப்பா அப்போதுதான் பேசினார். உன்னை நம்பினான் பார், அவனைச் சொல்ல வேண்டும் என்றார்.

தம்பி குரலை உயர்த்தவில்லை. "அம்மா போன நேரம்பா அது. அக்கா கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே தூங்கிட்டு இருந்தா. அதுல ஒண்ணு தப்பாயிருக்கு. மிச்சம் பதினாறு தப்பும் நானா தானே போட்டேன், அதுக்கும் அவளா காரணம்? தெரிஞ்சா செஞ்சா?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவன் வினாத்தாளை மடித்து வைத்துவிட்டு, விடுக்கா, தலையில் எழுதியதுதானே நடக்கும் என்று என்னைத் தேற்றினான். அவன் என்னைத் தேற்றினான். ஏழு வருடம் படித்துத் தோற்றவன், முக்கால் மதிப்பெண்ணில் தோற்றவன், என் தோளைத் தட்டினான். அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அப்படியே நின்றிருக்கும். எனக்கு அது முடியவில்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை. அந்தக் கை தோளில் இருப்பதைத் தாங்க முடியவில்லை.

"எனக்கு முன்னாடியே தெரியும்டா" என்றேன்.

கையை எடுக்கவில்லை. எப்போது முன்னாடி என்று கேட்டான். பரீட்சைக்குப் பதினோரு நாள் முன்னாடி என்றேன். அவன் மனசுக்குள் நாள் கணக்குப் போடுவது தெரிந்தது, அவனுக்குப் பழக்கம்.

"நான் நூத்தி எழுபத்தாறு எடுத்த அன்னைக்கா?"

"ஆமா."

"நோட்டைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

அப்போதுதான் கையை எடுத்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்பான் என்று நினைத்தேன். டீ போட்ட கதையைச் சொல்லத் தயாராக இருந்தேன், அந்த இதத்தைப் பற்றிக்கூடச் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. மேசையில் கிடந்த பேனாவை மூடினான்.

"இதையும் சொல்லாமலே இருந்திருக்கலாம்கா. தப்புப் பண்ணின அக்காவோட நான் எப்படியும் இருந்திருப்பேன்."

அம்மா போனபோது வராத அழுகை அப்போதாவது வரும் என்று நின்றேன். வரவில்லை. அவன் பால்கனிக்குப் போய்க் கிடங்கு மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, திங்கள்கிழமையிலிருந்து முழு நாள் வருகிறேன் என்று சாதாரணக் குரலில் சொன்னான்.

அதற்குப் பிறகும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சண்டை ஒன்றும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்கிறான், சாவி எங்கே என்று கேட்டால் எடுத்துத் தருகிறான். என்னிடம் மட்டும் எதையும் கேட்டு உறுதி செய்துகொள்வதில்லை. கிடங்குக்குக் கிளம்பும்போது மழை வருமா என்றுகூட அப்பாவிடம்தான் கேட்கிறான். அப்பா சுவரைப் பார்த்தபடி வராது என்கிறார், அவன் குடையை வைத்துவிட்டுப் போகிறான்.