நிறுத்தாமல் கூட்டுவது

போனாலு ஞாயிற்றுக்கிழமை, அம்மனுக்குப் பொங்கல் பானை சுமந்து போகும் திருவிழா நாள். ரஜிதாவின் காலில் பூசிய மஞ்சள் காயக்கூட இல்லை, அதற்குள் மேலாளர் திவாகர் சாரிடமிருந்து போன் வந்துவிட்டது.

"பத்தே நிமிஷ வேலைம்மா. வந்து எட்டு பிராசஸர் கூட்டிட்டுக் கிளம்பிடு. எந்திரம் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"சார், அது ஓடும்போது கூட்ட முடியாது. அந்த டிக் போடலேன்னு ஹோலிக்கு முன்னாடியே சொன்னேனே?"

"அதெல்லாம் சரி பண்ணியாச்சு. நீ வா."

சரி பண்ணியாச்சு என்றார். சத்தியம் பண்ணாத குறை. அதை நம்பித்தான் ரஜிதா சிலக்கலகூடாவிலிருந்து நகரத்தின் மறுகோடியில் இருக்கும் மாதாப்பூருக்கு மெட்ரோ ஏறினாள். இந்த மனுஷனைப் போய் நம்பினோமே என்று அன்று முழுக்க அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல்.

கிளம்பும்போதே வீட்டு வாசலில் மாமியார் வழிமறித்தாள். பாலும் வெல்லமும் போட்டுப் பொங்கிய சோற்றுப் பானைக்கு அப்போதுதான் சுண்ணாம்பும் குங்குமமும் பூசி வைத்திருந்தாள். வேப்பிலை கட்டி, மேலே விளக்கேற்றி, தலையில் சுமந்து போச்சம்மா கோயிலுக்குப் போக வேண்டும். அந்தப் பானைதான் போனம். வீட்டுக்கு ஒரு போனம், அதைச் சுமப்பது மூத்த மருமகளின் தலை. அதுதான் அந்த வீட்டு முறை. ஆனால் மூன்று வருஷமாக மூத்த மருமகளின் தலை ஆஷாட மாசத்தில் அலுவலகத்தில்தான் இருந்தது. பானையை இளைய மருமகள் ஸ்வப்னா தூக்கிக்கொண்டு போனாள், அழகாக, அசையாமல், போட்டோவுக்குச் சிரித்தபடி.

"நாலு மணிக்குச் சந்துப் பொம்பளைங்க எல்லாரும் கிளம்பிடுவாங்க," என்றாள் மாமியார். "இந்தத் தடவையும் நீ இல்லேன்னா அம்மன் முன்னாடியே சொல்லிடுவேன், இனிமே இது ஸ்வப்னா போனம்னு. அப்புறம் அத்தம்மா ஓரவஞ்சனை பண்ணிட்டான்னு அழக்கூடாது."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன் அத்தம்மா."

"நிதானமா வாங்க அக்கா," என்றாள் உள்ளேயிருந்து ஸ்வப்னா. "நான் இருக்கேன்ல?"

அந்த 'நான் இருக்கேன்ல'வைக் கேட்டதும் ரஜிதாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அலுவலகத்தில் நயீம் ஒருவன்தான் இருந்தான். மேசை மேல் உஸ்மானியா பிஸ்கட்டும் ஆறிப்போன டீயும். ஒரு காலத்தில் அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். இப்போது இவளும் இவனும்தான். அதிலும் நயீமுக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி, எதையும் தொடக்கூடாது.

"அட, மஞ்சக் காலோடவே வந்துட்டீங்களா அக்கா? உங்களப் பார்த்தா எந்திரமே எழுந்து நின்னு கும்பிடும்."

"கும்பிட்டா போதாது நயீமு, கொஞ்சம் வேகமா ஓடச் சொல்லு. எப்படி இருக்கு?"

"நாக்கு தள்ளுது. காலையிலேர்ந்து நூத்துக்கு நூறு."

எந்திரம் என்றால் கண்ணுக்குத் தெரிகிற பெட்டி இல்லை. பெரிய சர்வர் ஒன்றின் வயிற்றுக்குள் மென்பொருளால் உண்டாக்கிய எந்திரம். வி.எம். என்பார்கள். உனக்கு எட்டு பிராசஸர் என்று சொன்னால் எட்டை வைத்து ஓடும், பதினாறு என்றால் பதினாறை வைத்து ஓடும். மாநிலத்துப் பிள்ளைகள் எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது இந்த எந்திரத்தில்தான். அதற்கு இன்று கடைசி நாள். ஆதிலாபாத்திலும் நல்கொண்டாவிலும் இன்டர்நெட் கடை வாசல்களில் அப்பன்மார்களும் பிள்ளைகளும் திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஓடும்போதே பிராசஸர் கூட்டலாம், அதில் மாயம் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு கட்டத்தில் டிக் போட்டிருக்க வேண்டும். அந்த டிக்கை எந்திரம் நின்றிருக்கும்போது மட்டும்தான் போட முடியும். ஓடும்போது கூட்டவேண்டும் என்றால் ஒரு தடவையாவது நிறுத்தியிருக்க வேண்டும். கூட்டமே இல்லாத மார்ச் மாதத்தில் ரஜிதா பத்து நிமிஷம் கேட்டாள். எல்லார் முன்னாலும் திவாகர் சார் சிரித்தார். "நல்லா ஓடிக்கிட்டிருக்கற பஸ்ஸை நிறுத்திட்டு, இனிமே நிறுத்தாம ஓட்டலாம்னு சொல்ற மாதிரி இருக்கும்மா." எல்லாரும் சிரித்தார்கள். இந்த நயீமும் சிரித்தான்.

ரஜிதா திரையைத் திறந்தாள். பிராசஸர் எண்ணிக்கை இருக்கும் இடம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அமுக்கினாள். அசையவில்லை.

"சரி பண்ணியாச்சுன்னு சொன்னாரே நயீமு?"

"யாரு பண்ணினது? என்கிட்ட யாரும் மூச்சு விடலியே அக்கா."

பொய்! வாய் கூசாமல் சொன்ன பொய். மஞ்சள் பூசிய காலோடு ஒரு பெண்ணை நகரத்தின் இந்தக் கோடிக்கு வரவழைக்க ஒரு பொய்.

திவாகர் சார் வந்தபோது காதில் போன். சேர்க்கைக் குழுவின் அதிகாரி அனசூயா மேடத்திடம் பேசிக்கொண்டே வந்தார். "ஆமா மேடம், எங்க ஆளு வந்தாச்சு, ஓடற எந்திரத்துலயே எட்டு கூட்டறோம், ஒரு விநாடி கூட நிக்காது," என்று முடித்துவிட்டு இவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆச்சாம்மா?"

"எப்படி சார் ஆகும்? டிக் போடல. யாரும் போடல. நீங்க போடச் சொல்லவே இல்ல."

"ஓ." கொஞ்சங்கூட அதிரவில்லை மனுஷன். "வேற வழி?"

"நிறுத்தணும். இப்பவே மேடத்துகிட்டச் சொல்லி, பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே அறிவிச்சு, எல்லாரும் போட்டதைச் சேமிச்சதுக்கு அப்புறம் நிறுத்தணும். டிக்கும் போட்டு, எட்டும் கூட்டி, மறுபடி எழுப்பணும். பத்து நிமிஷம்."

"நிறுத்தறதா? கடைசி நாள்லயா? இப்பதான் ஒரு விநாடி கூட நிக்காதுன்னு சொன்னேன், நீயே கேட்டேல்ல?"

"நான் சொல்லச் சொல்லலியே சார்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். குரலை இறக்கினார். குரலை இறக்கினால் குழி தோண்டுகிறார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது ஆளை வேலையை விட்டு அனுப்பியபோதும் இதே குரல்தான்.

"இங்க பாரும்மா. எட்டு கூட்டியாச்சுன்னு சொல்லிடுவோம். சாயங்காலம் ஆனா கூட்டம் தானா குறையும், எந்திரமும் தேறிடும். கூட்டினதாலதான் தேறுச்சுன்னு அவங்க நினைச்சுக்குவாங்க. உனக்கும் வீட்டுல போனம் இருக்கு. 'ஆச்சு மேடம்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இப்பவே கிளம்பு. நான் தடுக்கவே மாட்டேன்."

ரஜிதா மணியைப் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் இரண்டு மணிக்குள் வீட்டில் இருக்கலாம். குளித்து, பட்டுப்புடவை கட்டி, பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளலாம். ஸ்வப்னா கதவோரம் நின்று பார்ப்பாள். சொன்னால் என்ன? ஒரு கணம், ஒரே கணம், சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. அந்த ஒரு கணத்துக்காகவே அவர்மேல் கோபம் இரண்டு மடங்காக ஏறியது. வீட்டுச் சாமியை எடுத்துத் தன் பொய்க்கு முட்டுக் கொடுக்கப் பார்க்கிறாரே!

போன் அடித்தது. அனசூயா மேடம். அவர் ஸ்பீக்கரில் போட்டார், கண்ணால் இவளுக்கு ஜாடை காட்டினார்.

"சொல்லுங்க திவாகர்காரு, கூட்டியாச்சா? இங்க பெத்தவங்க எல்லாம் வந்து சட்டையைப் பிடிக்கறாங்க."

"ஆச்சு மேடம். ரஜிதாவே கூட்டிட்டா. பக்கத்துலதான் இருக்கா. சொல்லும்மா."

"ஆகல மேடம்," என்றாள் ரஜிதா.

நயீமின் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

"எட்டும் கூட்டல, ஒண்ணும் கூட்டல. இந்த எந்திரத்தை நிறுத்தாம கூட்ட முடியாது. அதுக்கு வேண்டியதைச் செய்யக் கூட்டம் இல்லாதப்பவே கேட்டேன், கொடுக்கல. இப்ப நிறுத்தினாத்தான் உண்டு. இல்லேன்னா பிள்ளைங்க ராத்திரி வரைக்கும் சக்கரத்தைப் பார்த்துக்கிட்டே நிப்பாங்க."

மேடம் பெருமூச்சு விட்டார். "எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பத்து நிமிஷம் மேடம்."

"ஒரு மணிக்கு நிறுத்துங்க. நான் அறிவிப்புப் போடச் சொல்றேன். திவாகர்காரு, உங்ககூட நான் அப்புறம் பேசறேன்."

திவாகர் சார் அவளைப் பார்த்த பார்வைக்குத் தீ வைக்கும் திறன் இருந்திருந்தால் அந்த அறை அப்போதே எரிந்திருக்கும். ரஜிதா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு மணிக்கு நிறுத்தினாள். டிக் போட்டாள். எட்டைப் பதினாறாக்கினாள். எழுப்பினாள். எல்லாம் ஒரு டீ குடிக்கும் நேரம்தான். பையை எடுத்துத் தோளில்கூட மாட்டிக்கொண்டாள். அப்போதுதான் திரையில் அந்த வரி வந்தது. எந்திரம் தன் டிஸ்க் முழுவதையும் ஓர் ஓரத்திலிருந்து சரிபார்க்க ஆரம்பித்திருந்தது.

"இது என்ன அக்கா?" என்றான் நயீம்.

"நிறுத்தாம ரொம்ப நாள் ஓட்டினா, எழுந்திருக்கும்போது இப்படித்தான், எல்லாத்தையும் சரிபார்த்துட்டுத்தான் எழுந்திருக்கும்." ரஜிதா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "நாமதான் ரெண்டு வருஷமா நிறுத்தவே இல்லயே. கேக் வெட்டினோமே."

வெட்டினார்கள். எந்திரம் இரண்டு வருஷம் நிற்காமல் ஓடியதற்குத் திவாகர் சார் கேக் வாங்கி வந்தார், அதன் பெயரைக் க்ரீமில் எழுதி. அதே வாரம்தான் அறையில் இருந்தவர்களில் இரண்டு பேர் கணக்கு முடித்துப் போனார்கள். ரஜிதாவும் அன்று ஒரு துண்டு தின்றாள். பத்து நிமிஷம் என்று மேடத்திடம் சொன்னபோது இந்தச் சரிபார்ப்பு அவள் நினைவிலேயே இல்லை. இத்தனை நாள் நிறுத்தாத எந்திரத்தை எழுப்பிப் பார்த்தவர் யாரும் அங்கே இல்லை. சரிபார்ப்பைப் பாதியில் நிறுத்தினால் பிள்ளைகள் போட்டதெல்லாம் கெட்டுப்போகலாம். எழுந்த பிறகு டேட்டாபேஸை ஏற்ற இவள் ஒருத்திக்குத்தான் அனுமதி.

"நீங்க கிளம்புங்க அக்கா, உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்."

"எதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் பலி கொடுப்பாங்க. பேசாம உட்காரு."

இரண்டானது. மேடத்திடம் இவளே பேசி, திட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டரையானது. நாற்பது சதவீதம். கணவன் ஸ்ரீசைலம் போன் செய்தான். "கிளம்பிட்டியா? டப்பு அடிக்கறவங்க வந்தாச்சு." பின்னாலிருந்து பறைச் சத்தம் காதைப் பிளந்தது.

"இன்னும் இல்ல."

"ரஜி, அம்மா கோவமா இருக்காங்க."

"நானும் கோவமாத்தான் இருக்கேன்!" என்று அவள் கத்திய கத்தலில் தாழ்வாரத்துக் காவலாளி எட்டிப் பார்த்தான்.

மூன்றே கால் தாண்டி எந்திரம் எழுந்தது. ரஜிதா டேட்டாபேஸை ஏற்றினாள். பதினாறும் கண் விழித்தன. அடைபட்டுக் கிடந்த கூட்டம் மொத்தமாக உள்ளே பாய்ந்தது, எந்திரம் அசராமல் தாங்கியது. "வாழ்க!" என்று நயீம் மேசையைத் தட்டினான். திட்டிய அனசூயா மேடமே மறுபடி அழைத்து, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். நன்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இறக்கை இருந்தாலும் நாலு மணிக்குச் சிலக்கலகூடா போய்ச் சேர முடியாது.

அவள் கிளம்பவில்லை. கிளம்பி என்ன ஆகப்போகிறது என்று உட்கார்ந்திருந்தாள். நாலரை மணி வாக்கில் போனில் படம் வந்தது. பட்டுப்புடவை, நிமிர்ந்த கழுத்து, வேப்பிலைக்கு மேல் நிற்கும் சுடர், ஸ்வப்னாவின் சிரிப்பு. பக்கத்தில் மாமியார், இளையவளின் தோளில் கை வைத்தபடி. கீழே ஸ்ரீசைலம் ஒரு வரி எழுதியிருந்தான்: அம்மன் சந்நிதியில அம்மா சொல்லிட்டாங்க.

அப்போதுதான் திவாகர் சார் உள்ளே வந்தார். மேடத்திடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எந்திரம் ஓடுகிறதே, அந்தத் தெம்பு. அவளது போனை எட்டிப் பார்த்தார்.

"அடடா, போனம் போயிடுச்சா? இதுக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வெச்சுக்கலாமா? அடுத்த ஞாயிறு லால் தர்வாஜாக் கோயில்ல போனாலு இருக்கே. அங்க போய் எடுத்துடு. எல்லாம் ஒரே அம்மன்தானே?"

ரஜிதா எழுந்து நின்றாள்.

"உங்க அம்மா திவசத்தை எதிர்வீட்டுக்காரங்க அம்மா திவசத்தன்னிக்கு, அவங்க வீட்டுல போய்க் கொடுப்பீங்களா சார்? எல்லாம் ஒரே அம்மாதானே?"

அவர் முகம் வெளுத்தது. நயீம் தலையைத் தூக்கவில்லை.

"என்ன பேச்சு பேசறே நீ?"

"காலையில பொய் சொல்லி வரவழைச்சீங்களே, அது என்ன பேச்சு? எந்திரத்துக்கு மூச்சு முட்டினா எட்டு கூட்டச் சொல்றீங்க. இங்க அஞ்சு பேர் ரெண்டானோம், மூச்சு முட்டுதான்னு ஒரு நாள் கேட்டீங்களா? அதுக்கும் கேக்தான் வெட்டினீங்க."

"ரஜிதா, நாளைக்குக் காலையில நிதானமா உட்கார்ந்து பேசலாம்."

"நாளைக்கு நான் வரமாட்டேன். நாளை மறுநாளும் வரமாட்டேன். இந்த அறைக்கு ஆள் போட்டதும் கூப்பிடுங்க."

"அப்ப எந்திரத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"இனிமே அதை நிறுத்தாமலே கூட்டலாம் சார். எவ்வளவு வேணும்னாலும் கூட்டிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அழுகை வந்தது. துடைக்கவில்லை. இளைய மருமகளின் போனம் கோயிலிலிருந்து திரும்பியிருக்கும். பிரசாதச் சோற்றுக்காவது நேரத்தோடு போக வேண்டுமே என்று படிகளில் வேகமாக இறங்கினாள்.