முந்நூற்று முப்பத்தெட்டு குதிரைகள்

1

இந்தக் கதையை நான் யோசித்து உருவாக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரம்பம் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே ட்விலா ப்ரூபேக்கர் போனில் பேசியதைக் கேட்டேன். அதுதான் மூலம்.

ட்விலா இங்கே கோஷன் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வயது ஐம்பத்து நான்கு. 1971ஆம் வருடத்து நோவா காரின் இன்ஜினைத் தன் கையாலேயே பிரித்து, மாற்றிக் கட்டியவள்.

(இங்கே டார்க் கன்வர்ட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் இருக்கும் இரும்பு உருண்டை அது. உள்ளே எண்ணெய், எதிரெதிரே இரண்டு விசிறிகள். இன்ஜின் ஒன்றைச் சுழற்ற, எண்ணெய் மற்றதைத் தள்ளும். இன்ஜின் எத்தனை சுற்று ஏறியபின் வண்டி பாய வேண்டும் என்பதை அந்த விசிறிகளின் வளைவுதான் தீர்மானிக்கிறது. எண்ணெய் சீக்கிரம் பிடித்துத் தள்ளினால் வண்டி மந்தம். தாமதமாகப் பிடித்தால் எண்ணெய் கொதிக்கும்.)

2

முதல் வரியாக இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘பொய்க்கு எடை உண்டு என்பதை ட்விலா அன்று’ —

வேண்டாம். அவள் இப்படிப் பேசுகிறவள் அல்ல.

நடந்தது இதுதான். சனிக்கிழமைதோறும் கார்ப் பிரியர்கள் கூடும் இடத்தில், தன் இன்ஜின் நானூற்றைம்பது குதிரைத்திறன் என்று மூன்று வருடமாகச் சொல்லிவந்தாள். கன்வர்ட்டர் செய்து தரும் எல்டன் ஹோச்ஸ்டெட்லரிடமும் அதையே சொன்னாள். அவர் அந்தக் கணக்குக்கே செய்து அனுப்பினார். மாட்டி ஓட்டினால், பச்சை விளக்கு விழுந்ததும் நோவா முக்கியது, முனகியது. பால் வேன் ஒன்று அவளைத் தாண்டிப் போனது.

யாருக்கும் சொல்லாமல் பக்கத்து ஊருக்குப் போய் இன்ஜினை அளந்து பார்த்தாள். முந்நூற்று முப்பத்தெட்டு.

3

நான் ரம்பத்தோடு உள்ளே நுழைந்தபோது அவள் தம்பி கார்த் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவன் காருக்கு ஐந்நூறு குதிரை என்பது ஊரறிந்த செய்தி. கையெல்லாம் கிரீஸ் என்பதால் ட்விலா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள்.

“நானூத்தம்பதுன்னுதானே சொன்னே?” என்றார் எல்டன்.

ட்விலா தம்பியைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம். போகவில்லை.

“பொய் சொன்னேன் எல்டன். முந்நூத்தி முப்பத்தெட்டு.”

கார்த் தொடையில் தட்டிச் சிரித்தான். “அடிப்பாவி அக்கா! மூணு வருஷமா எங்களுக்குக் காது குத்தினியா?”

“நீ கொஞ்சம் வாய மூடு.”

“அழாதம்மா,” என்றார் எல்டன். (அவள் அழவில்லை. என் முதல் வரைவில் அழவைத்திருந்தேன், வெட்கத்தோடு அடித்துவிட்டேன்.) “இந்த போன்ல நிஜத்தச் சொல்றவங்க மாசத்துக்கு ஒருத்தர் வந்தாலே அதிசயம். நீ சொன்ன பலம் இன்ஜின்ல இல்ல. அதான் நான் நெனச்ச சுத்து வரைக்கும் ஏறாம முன்னாடியே பிடிச்சுக்குது. சரி, எடை சொல்லு.”

“வண்டி மூவாயிரத்து இருநூறு பவுண்டு.”

“ஓட்டுற ஆளையும் சேக்கணும்.”

கார்த் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“நூத்தித் தொண்ணூத்தாறு,” என்றாள் ட்விலா, நிறுத்தி நிதானமாக. “பூட்ஸோட.”

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்த கார்த் சிரிக்கவில்லை. எனக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் இத்தனை கதை எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி இவ்வளவு சுத்தமாக ஒரு வரி எழுதியதில்லை.

பின்பக்க கியர் விகிதம், டயர் உயரம், வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுவாள் என்று எல்டன் கேட்டுக்கொண்டே போனார். பதில் எதிலும் அவள் ஒரு துளி கூட்டவில்லை. “அந்தக் கன்வர்ட்டரையே திருப்பி அனுப்பு,” என்றார் கடைசியில். “அறுத்து உள்ள மாத்தித் தர்றேன். ரெண்டாயிரத்து எண்ணூறு சுத்துல பாயும். கடைக்குப் போனாலும் சூடாகாது.”

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் ட்விலா பந்தயத்தில் தோற்று, உண்மை சொன்ன திருப்தியோடு வீடு திரும்புகிறாள். அது பாடப்புத்தகம். இன்னொன்றில் பந்தயமே இல்லை, மழை. அது என் சோம்பல்.

நிஜம் இரண்டையும் விட நன்றாக இருந்தது. ஜூன் மாதச் சனிக்கிழமை, பளீர் வெயில், கால் மைல் தூரம். கார்த்தின் ஐந்நூறுக்கு எதிரே அக்காளின் நோவா, எல்டன் மாற்றித் தந்த கன்வர்ட்டரோடு. விளக்கு விழுந்ததும் அது ஒரு கணமும் யோசிக்கவில்லை. அரை வண்டி நீளத்தில் ஜெயித்தாள்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “உன் வண்டி எவ்வளவு ட்விலா?”

“முந்நூத்தி முப்பத்தெட்டு,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

கூடியிருந்த பன்னிரண்டு பேரும் கார்த் பக்கம் திரும்பினார்கள். ஒன்று, அவனுக்கு ஓட்டத் தெரியவில்லை. இல்லாவிட்டால் அந்த ஐந்நூறு ஐந்நூறல்ல. ட்விலா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கேலியே இல்லாத முகத்தோடு, அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

கார்த் தொண்டையைச் செருமினான். “அது வந்து…” என்றான்.

அதற்கு மேல் அவனுக்காக நான் எழுதிய மூன்று வசனங்களையும் அடித்துவிட்டேன். உங்களுக்கும் அக்காவோ தம்பியோ இருக்கலாம். அவன் சொன்னதை நீங்களே எழுதுங்கள், கூட்டிக் குறைக்காமல்.