தினமும் விற்ற முந்நூறு

பை தைக்கும் கடைக்காரியை அந்தத் தெருவே ஜிப்பு என்றுதான் கூப்பிட்டது. ஜிப் மாற்றுவாள், அறுந்த பிடியைத் தைப்பாள், பெட்டிக்குச் சக்கரம் போடுவாள். மூன்று ஆண்டாக எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டால் கடை இன்னும் மூன்று ஆண்டுக்கு அவளுடையது. வாடகை மட்டும் ஆயிரத்து ஐந்நூறு கூடும். இடத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர். அவரிடம் நோட்டைக் காட்டி, "செலவெல்லாம் போக மாசம் ஒன்பதாயிரம் நிக்குதுங்க" என்று சொல்லியிருந்தாள்.

நோட்டில் நின்றது உண்மைதான். வீட்டில் இருந்த தகர டப்பாவில் மாதம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு மேல் நின்றதே இல்லை.

மீதி எங்கே போகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை. தன்னுடையது ஓட்டைக் கை, அவ்வளவுதான். முதலில் மாலை டீயை நிறுத்தினாள். எதிர்க்கடைத் தையல்காரியுடன் அரைமணி நேரம் பேசிச் சிரிப்பதும் அதோடு நின்றது. பிறகு சினிமா. சிநேகிதி நாலு முறை கூப்பிட்டுப் பார்த்தாள், ஐந்தாம் முறை கூப்பிடவில்லை. பஸ் காசை நினைத்து அண்ணன் வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. "பெரிய முதலாளியம்மா, எங்க ஞாபகமெல்லாம் இருக்கா?" என்று அண்ணி போனில் குத்தினாள். வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தாள். அதற்குப் பிறகு அந்தப் போனும் குறைந்தது. டப்பா மட்டும் நிறையவே இல்லை.

கடைசியில், செலவைக் கட்டுப்படுத்தவாவது கற்றுக்கொள்வோம் என்று மாலைக் கணக்கு வகுப்பில் சேர்ந்தாள். புதன்கிழமை ஆசிரியை, "நாளைக்குக் கடை திறக்கும்போதே கல்லாவுல எவ்வளவு இருக்குன்னு எழுதுங்க" என்றார்.

"திறக்கும்போது ஒண்ணும் இருக்காதே மேடம், மூடும்போதே இருக்காது" என்றார் பின்வரிசை பம்பு மெக்கானிக். எல்லோரும் சிரித்தார்கள். ஜிப்புவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

வியாழன் காலை கல்லாவைத் திறந்தாள். சில்லறைக்கு என்று வீட்டிலிருந்து தினமும் கொண்டுவரும் முந்நூறை அதில் போட்டாள். நோட்டை எடுத்து, முந்நூறு என்று எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றது.

மாலையில் கல்லாவில் இருப்பதை மொத்தமாக எண்ணி, விற்பனை என்று எழுதுவாள். அந்த முந்நூறையும் சேர்த்துத்தான். வீட்டுக்குப் போகும் அதே முந்நூறு காலையில் திரும்பி வரும், மாலையில் மறுபடி விற்பனையாகும். மாதம் இருபத்தாறு நாள். ஏழாயிரத்து எண்ணூறு. பெருக்கலில் தப்பிருக்கும் என்று மூன்று முறை போட்டுப் பார்த்தாள். தப்பில்லை.

ஒன்பதாயிரத்தில் மிஞ்சியது ஆயிரத்து இருநூறு. புது வாடகைக்கு மாதம் முந்நூறு துண்டு விழும்.

அவள் எதையும் வீணடிக்கவில்லை. டீயும் சினிமாவும் பஸ்ஸும் போனது, இல்லவே இல்லாத பணத்துக்காக. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. ஒரு பள்ளிப்பைக்கு ஜிப் வைத்தாள். கோணலாகப் போனதைப் பிரித்து மறுபடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் பேனாவை நீட்டினார். "போடும்மா."

"இந்த வாடகை எனக்குக் கட்டாதுங்க. நோட்டுல தப்பா எழுதியிருந்தேன்."

"கணக்குப் படிக்கப் போறேன்னு போய் நஷ்டத்தையா வாங்கிட்டு வந்தே?" அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "குறைக்க முடியாதும்மா, வேற ஆள் காத்திருக்கான். ரெண்டு மாசம் பழைய வாடகைக்கே இருந்துக்கோ."

"சரிங்க."

கடைக்குத் திரும்பி, தைத்து முடித்தும் யாரும் வாங்கிப்போகாத பதினொரு பைகளை மேசையில் வரிசையாக வைத்தாள். பையில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்து முதல் எண்ணைப் போனில் அழுத்தினாள். "உங்க நீலப் பை ரெடிங்க. ரெண்டு மாசத்துக்குள்ள எடுத்துக்குங்க, கடையைக் காலி பண்றேன்."

"அடடா, எங்கம்மா போறீங்க?"

"இன்னும் தெரியலைங்க" என்றாள். அந்தப் பக்கம் ஏதாவது கேட்பார்களா என்று கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அடுத்த சீட்டை எடுத்தாள்.